காமிக் கான்னா என்ன? காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும் ரசிகர்களும் வீட்டில் இருப்பவர்களும் தெரிஞ்சுக்க வேண்டியவை

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் முறையாக காமிக் கான் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 8, 9 தேதிகளில் இரண்டாவது முறை நடந்தது. அதுவரை தமிழ்நாட்டு ரசிகர்கள் இதைப் பார்க்க பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ ரயில் ஏற வேண்டியிருந்தது. இப்போ காஞ்சிபுரத்தில் காலையில் கிளம்பினா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம் என்கிற தூரத்துக்கு வந்திருக்கு.

ஆனா வீட்டில் அனுமதி கேட்கிற பிள்ளைகளுக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்: "வேஷம் போட்டுக்கிட்டு போறதுக்கு டிக்கெட் வேறயா? அங்க போய் என்ன பண்ணப் போற?"

நியாயமான கேள்விதான். அதுக்கான பதில் கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்னாடி தொடங்குது.

'கான்' என்றால் என்ன?

கன்வென்ஷன் என்ற சொல்லின் சுருக்கம்தான் கான். ஒரே விஷயத்தில் பைத்தியமாக இருப்பவர்கள் ஓர் இடத்தில், பெரும்பாலும் வார இறுதியில், கூடும் மாநாடு. அறிவியல் புனைகதை, காமிக்ஸ், அனிமே, வீடியோ கேம், சூப்பர் ஹீரோ படம் என எதுவாகவும் இருக்கலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

முதல் வகை, ரசிகர்களே நடத்தும் மாநாடு. நடத்துபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வருபவர்கள் பார்வையாளர்கள் அல்ல, உறுப்பினர்கள். உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்டுகான் இந்த வகை. புகழ்பெற்ற ஹியூகோ விருது யாருக்கு என்று ஓட்டுப் போடுவது இதன் உறுப்பினர்கள்தான். அடுத்த மாநாடுகள் எந்த ஊரில் நடக்கணும் என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள்.

இரண்டாவது வகை, நிறுவனம் நடத்தும் கண்காட்சி. டிக்கெட் வாங்கி உள்ளே போகணும். கடைகள், பிராண்டு அரங்குகள், மேடை நிகழ்ச்சிகள் இருக்கும். காமிக் கான் இந்தியா இந்த வகை. ஜதின் வர்மா 2011ல் டெல்லி ஹாட்டில் தொடங்கியது. 2024 ஜனவரியில் நாட்வின் கேமிங் நிறுவனம் 55 கோடி ரூபாய்க்கு இதை வாங்கியது. அடுத்த மாதமே சென்னைக்கும் வந்தது.

முதல் கான் எங்கே நடந்தது?

1926 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்காக மட்டுமே வந்த முதல் ஆங்கில இதழ் அது. அதில் வாசகர் கடிதங்கள் அவர்களுடைய முழு முகவரியோடு அச்சாகின. "நம்ம மாதிரியே இன்னொருத்தன் அடுத்த ஊரில் இருக்கான்" என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிறகு நேரில் பார்க்க விரும்பினார்கள்.

1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. முன்கூட்டியே அறிவித்து, அதற்கென்றே திட்டமிட்டு நடத்திய முதல் அறிவியல் புனைகதை மாநாடாக இதைப் பலரும் சொல்கிறார்கள். 1936 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வீட்டில் ரசிகர்கள் கூடியதுதான் முதல் மாநாடு என்று வாதிடுபவர்களும் உண்டு.

லீட்ஸ் மாநாட்டுக்கு வந்தது இருபது பேர் வரைதான். லீட்ஸும் காஞ்சி மாதிரி துணியால் பேர் வாங்கிய ஊர், அங்கே கம்பளித் துணியும் ஆயத்த ஆடையும். கூட்டம் நடந்த இடம் தியாசாபிகல் ஹால். அந்த பிரம்மஞான சபைக்குத் தலைமையகம் சென்னை அடையாறில் இருக்கிறது. வந்தவர்களில் ஒருவர் 19 வயது இளைஞர் ஆர்தர் சி. கிளார்க். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எழுதியவர். 1956ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 2008 மார்ச்சில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தவர்.

1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் முதல் வேர்ல்டுகான் நடந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர். 18 வயது ரே பிராட்பரி, சக ரசிகர் ஒருவரிடம் கடன் வாங்கி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். 19 வயது ஐசக் அசிமோவும் வந்திருந்தார். இருவருமே பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள்.

அந்த முதல் மாநாட்டிலேயே சண்டையும் வந்தது. நடத்தியவர்களுக்கும் இன்னொரு ரசிகர் குழுவுக்கும் இடையே இருந்த பகையால் ஆறு பேரை வாசலிலேயே தடுத்து நிறுத்தினார்கள். தடுக்கப்பட்டவர்களில் ஃபிரடெரிக் போல், டொனால்ட் வோல்ஹைம் ஆகியோரும் இருந்தார்கள். பின்னாளில் இந்தத் துறையின் முக்கியமான எழுத்தாளர், பதிப்பாசிரியர் ஆனவர்கள் இவர்கள். "யாரை உள்ளே விடுவது?" என்ற கேள்வி அன்றிலிருந்தே கான்களோடு கூட வருகிறது.

வேஷம் போடும் பழக்கம் யார் தொடங்கியது?

அதே 1939 மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் எதிர்கால மனிதனைப் போல உடுத்தி வந்தார். கூடவே அதே பாணி உடையில் மோரோஜோ என்ற பெயரில் அறியப்பட்ட மர்டில் டக்ளஸ் வந்தார். அந்த இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மோரோஜோதான். ஆனா ரொம்ப காலம் பேசப்பட்டது அக்கர்மேன் பெயர். தைத்தவர் பெயர் பின்னால் போய்விட்டது. சமீப ஆண்டுகளில்தான் காஸ்ப்ளேயின் தாய் என்று மோரோஜோவைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நெய்தவர் பெயர் தெரியாமல் சேலை விற்கும் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

காஸ்ப்ளே என்ற சொல், காஸ்ட்யூம், ப்ளே என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 1980களின் முற்பகுதியில் ஜப்பானில் உருவானது. நொபுயுகி தகாஹாஷி என்ற ஜப்பானியர் இதைப் பரப்பினார்.

உடையும் முகப்பூச்சும் போட்டு ஒரு கதாபாத்திரமாகவே மாறுவது காஞ்சி மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. கட்டைக்கூத்து இந்தப் பகுதியின் கலை. கிரீடம், தோளணி, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செய்து, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகள் ஒட்டியவை. அந்தக் 'கட்டை'களை அணிந்து விடிய விடிய பாரதக் கதை ஆடுவார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால், ஹன்னே டி புரூயின் ஆகியோர் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே இளம் தலைமுறைக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். கூத்து தொழில்முறைக் கலை, காஸ்ப்ளே ரசிகர்களின் பொழுதுபோக்கு. ஆனா எடை குறைந்த பொருளில் கவசம் செய்து, தூரத்திலிருந்து பார்த்தால் நிஜம் மாதிரி தெரிய வைக்கும் வேலை இரண்டிலும் ஒண்ணுதான்.

உள்ளே என்ன நடக்கும்?

காமிக் கான் மாதிரி நிகழ்ச்சியில் பொதுவாக நான்கு பகுதிகள் இருக்கும்.

கடைகள்: புத்தகம், டி-ஷர்ட், பொம்மை, போஸ்டர், சாவிக்கொத்து. கூட்டம் அதிகமாக இருக்கும் இடம் இது. பணம் அதிகமாகக் கரையும் இடமும் இதுதான்.

ஓவியர் வரிசை: காமிக்ஸ் வரைபவர்களும் எழுதுபவர்களும் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நேரில் பேசலாம், கையெழுத்து வாங்கலாம், தங்கள் வேலையைக் காட்டிக் கருத்து கேட்கலாம். வரையும் ஆர்வம் இருக்கிறவங்க முதலில் போக வேண்டிய இடம் இது. பலர் இதைத் தாண்டி நேரா பிராண்டு அரங்குக்குப் போய்விடுகிறார்கள்.

மேடை: உரையாடல், புதுப் படைப்பு அறிவிப்பு, நகைச்சுவை நிகழ்ச்சி, இசை. பல நகரங்களில் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் ஆங்கிலம் அதிகமாகப் புழங்கும்.

காஸ்ப்ளே போட்டி: தானே செய்த உடைக்கும், மேடையில் அந்தக் கதாபாத்திரமாக நடப்பதற்கும் மதிப்பெண் உண்டு. கலந்துகொள்ள முன்பதிவு தேவையா என்று போவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளணும்.

எழுத்தாளர்களும் வாசகர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒரு நாவலைப் பற்றி வாதாடுவதை எதிர்பார்த்துப் போனால் காமிக் கானில் அது குறைவு. அது வேர்ல்டுகான் மாதிரி ரசிகர் மாநாட்டின் பழக்கம். இந்தியாவில் இதுவரை வேர்ல்டுகான் நடந்ததில்லை. ஆசியாவில் 2007ல் யோகோஹாமாவிலும் 2023ல் செங்டுவிலும் நடந்தது. கொரோனா காரணமாக 2020ல் நியூசிலாந்து வேர்ல்டுகான் முழுக்க ஆன்லைனில் நடந்தது. அதன் பிறகு 2024 கிளாஸ்கோ, 2025 சியாட்டில் மாநாடுகளுக்கும் ஆன்லைன் உறுப்பினராகச் சேரும் வழி இருந்தது. விசா, விமானச் செலவு இல்லாமல் காஞ்சியிலிருந்தே மொபைலில் பார்க்கலாம். தூக்கத்தைத்தான் விட்டுக்கொடுக்கணும். சியாட்டிலில் காலை 10 மணி என்றால் நமக்கு ராத்திரி 10.30.

காஞ்சிபுரத்திலிருந்து எப்படிப் போவது?

வர்த்தக மையம் மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து இரண்டு வழி.

பஸ்: ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பூந்தமல்லி வரை வந்து, அங்கிருந்து பரங்கிமலை நோக்கிப் போகும் மாநகரப் பேருந்தில் ஏறணும்.

ரயில்: செங்கல்பட்டு வழியாகச் சென்னை கடற்கரை செல்லும் புறநகர் ரயிலில் ஏறி பரங்கிமலையில் இறங்கலாம். அங்கிருந்து மாநகரப் பேருந்து அல்லது ஆட்டோ. நேரம் கூட ஆனாலும் உட்கார்ந்து போகலாம், கட்டணமும் குறைவு. ஆனா காஞ்சிக்கு நேரடி ரயில்கள் குறைவு. திரும்பி வரும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளணும். காஸ்ப்ளே போட்டி பெரும்பாலும் மாலை நேரத்தில் நடக்கும். முடிவு தெரிஞ்சுட்டுப் போகலாம் என்று நின்றால் ரயில் போய்விடும்.

இரண்டு நாளும் போகணுமா? முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் போதும். போட்டியில் கலந்துகொள்பவர்கள், ஓவியர்களிடம் நிதானமாகப் பேச நினைப்பவர்கள் இரண்டு நாள் போகலாம்.

எவ்வளவு செலவாகும்?

டிக்கெட் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிகழ்ச்சியின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "தள்ளுபடி பாஸ்" லிங்குகளைத் தொட வேண்டாம்.

பட்ஜெட்டை மூணாகப் பிரிச்சுக்கலாம்: டிக்கெட்டும் பயணமும் ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு, வாங்குவது ஒண்ணு. முதல் இரண்டும் கிட்டத்தட்ட நிச்சயமான தொகை. மூணாவதுதான் கை மீறும். வாங்க வேண்டிய தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் நிறுத்துவது நல்ல வழி. யுபிஐ-யில் போகிற பணம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே முதல் சுற்றில் எதையும் வாங்காமல் விலை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவது சுற்றில் வாங்கலாம்.

காஸ்ட்யூம்: காஞ்சியிலேயே செய்ய முடியுமா?

வேஷம் கட்டாயம் இல்லை. சாதாரண உடையில் வருபவர்களும் நிறைய பேர். செய்ய ஆசைப்பட்டால், காஞ்சியில் வசதி அதிகம்.

முதலில் ஒரு எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் பட்டுச் சேலையை வெட்டாதீங்க. காஞ்சிப் பட்டில் கோர்வை முறையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கப்படும். வெட்டினால் திரும்பச் சேர்க்க முடியாது. எடையும் அதிகம், வியர்வையும் ஆகாது. பட்டு மாதிரி தெரியணும் என்றால் சாட்டின் துணி போதும்.

ஜாக்கெட் தைக்கும் கடைகளிலும் ஆரி வேலை செய்யும் இடங்களிலும் கதாபாத்திரத்தின் படத்தை முன், பின், பக்கவாட்டு என மூன்று கோணத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். முகூர்த்த மாதங்களில் தையல்காரர்களுக்கு வேலை குவிந்திருக்கும். தை மாதக் கல்யாணத் துணிகளுக்கு நடுவில் போய் நின்றால் தேதி கிடைக்காது. மார்கழியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

கவசம், வாள் போன்றவற்றுக்கு ஃபோம் ஷீட் போதும். குழந்தைகள் அறையில் தரையில் போடும் மேட்டும் அதே வகைதான். கத்தரிக்கோல், குளூ கன், ஹேர் டிரையர், பெயிண்ட் இருந்தா வேலை முடிந்தது. இரும்பு, கூர்மையான பொருள், நிஜத் துப்பாக்கி மாதிரியே தெரியும் பொம்மை எதையும் எடுத்துப் போகாதீங்க. வாசலில் சோதனை இருக்கும். ரயிலிலும் பிரச்சினை வரும்.

முழு வேஷத்தோடு பஸ் ஏறாமல், பையில் எடுத்துப் போய் அங்கே மாற்றிக்கொள்வது வசதி. ஊசி நூல், ஸ்டேப்ளர், டேப், பழகிய செருப்பு, தண்ணீர் பாட்டில் கூட இருக்கட்டும். வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். உட்கார முடியுதா, சாப்பிட முடியுதா, கழிப்பறை போக முடியுதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பெற்றோர் கவலைப்பட வேண்டியது என்ன?

2019ல் 48 நாள் அத்தி வரதர் வைபவத்தைப் பார்த்த ஊருக்குக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே ஓர் இடம் பேசி வையுங்கள். உள்ளே நெட்வொர்க் மந்தமாகலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களோடு பெரியவர் ஒருவர் போவது நல்லது.

அதைவிட முக்கியமானது வேறொன்று. வேஷம் போட்ட பெண்களை அனுமதி இல்லாமல் படம் எடுப்பது, தொடுவது, பின்தொடர்வது உலகம் முழுக்க கான்களில் வந்த பிரச்சினை. இதனால்தான் 2014ல் நியூயார்க் காமிக் கான், "காஸ்ப்ளே என்பது சம்மதம் அல்ல" என்ற பொருளில் பெரிய அறிவிப்புப் பலகைகளை வைத்தது. விதி எளிமையானது. படம் எடுக்கும் முன் கேட்கணும். தோளில் கை போடும் முன் கேட்கணும். முடியாது என்றால் விட்டுடணும். மகளுக்கு எச்சரிக்கை சொல்லி அனுப்பும் வீடுகள், மகனுக்கும் இதைச் சொல்லி அனுப்பணும்.

ஏதாவது நடந்தால் நிகழ்ச்சியின் பாதுகாப்பு ஊழியர்களிடம் உடனே சொல்லுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 78வது பிரிவின் கீழ் குற்றம்.

இதில் தமிழுக்கு இடம் இருக்கிறதா?

கான் அரங்கில் ஆங்கிலமும் ஜப்பானிய அனிமேவும் முன்னால் நிற்கலாம். ஆனா தமிழ் ரசிகர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. எம்.ஜி.ஆர். நடித்து 1963ல் வந்த 'கலை அரசி'யிலேயே வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள். பெல் நிறுவனப் பொறியாளராக இருந்த சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாயை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார். சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரியில். அடுத்த மாதம்தான் கொழும்பில் ஆர்தர் கிளார்க் மறைந்தார்.

சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வருகின்றன. இவற்றின் வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழா நேரத்தில் ஒன்றுகூடிப் பேசுவது வழக்கம். வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே கதாநாயகனைப் பற்றிச் சண்டை போடும் கூட்டம் அது. கான் என்று பெயர் இல்லை, ஆனா லீட்ஸில் நடந்ததற்கு நெருக்கமானது இதுதான். பக்கத்து ஊரான வேலூரில் 1998ல் இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. பேராசிரியர்களும் மாணவர்களும் கட்டுரை வாசிக்கும் மாநாடுகளை அது நடத்தி வந்திருக்கிறது.

காஞ்சியிலேயே ஒண்ணு நடத்த முடியுமா?

முடியும். வர்த்தக மையம் அளவுக்கு வேண்டாம். ஒரு சின்ன ஹால், இருபது நாற்காலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நூலக அறையோ பள்ளி வகுப்பறையோ கேட்டுப் பார்க்கலாம். தமிழக அரசு மாவட்டந்தோறும் நடத்தும் புத்தகத் திருவிழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் படித்துவிட்டு வரச் சொல்லணும். வேஷம் போட விரும்புபவர் போடட்டும், போடாதவர் உட்காரட்டும். யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது. செலவுக் கணக்கை எல்லோருக்கும் காட்டணும். அடுத்த கூட்டத்தின் தேதியை அங்கேயே முடிவு செய்துவிடணும்.

அதுவரை, நந்தம்பாக்கத்துக்குப் போகிறவர்கள் ஓவியர் வரிசையிலும் காஸ்ப்ளே வரிசையிலும் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "எந்த ஊர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று பதில் வந்தால் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.